கண்ணியில் சிக்கிய அம்மன் சேவல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வேலையில் சேர்ந்தபோது, உள்ளே நடப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அந்தப் பயம் ஒரு பக்கம். எட்டாவதோடு நின்றவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கூச்சமும் உண்டு. எல்லாவற்றையும்விட, இது சாமி சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் கேட்பவர்கள் நாளைக்கே அங்கே ஓர் உண்டியல் வைத்துவிடுவார்கள். ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எல்லையம்மன் என்னைக் கேட்பாள். அதனால் பேனாவை மூடியே வைத்திருந்தேன்.

திறக்க வைத்தவர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்த மூன்று பிள்ளைகள். செல்போனில் சேனல் நடத்துகிறவர்கள். வெள்ளானூர்ப் பக்கம் இன்னும் மனை போடாமல் கிடக்கிற ஒரு தோப்பில், காட்டில் மாட்டிக்கொண்டால் பிழைப்பது எப்படி என்று படம் எடுக்கப்போகிறார்களாம். நான் அதே மாதிரி காட்டுப் போட்டி நடத்திய பெரிய டிவி நிகழ்ச்சி ஒன்றில் வேலை பார்த்தவன் என்று கேள்விப்பட்டு, கண்ணி எப்படி வைப்பது, எதைப் பிடித்தால் போலீஸ் பிடிக்காது என்று கேட்டுக்கொள்ள வந்திருந்தார்கள். காபி குடித்துக்கொண்டே ஒருவன் சிரித்தான்.

"அந்த ஷோல மண்ணூர்பேட்டைப் புலின்னு ஒர்த்தன் இருந்தானாமே பெரியவரே. பசி தாங்காம அழுதுகினே ஊட்டுக்கு ஓடிட்டானாமே. அவன வச்சு ஒரு காமெடி பண்லாம்னு கீறோம்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தப் புலியின் பேர் துரை. அவன் ஓடவில்லை. அழவும் இல்லை. டிவியில் அவன் முகத்தில் நீங்கள் பார்த்த தண்ணீர் வேறு தண்ணீர்.

அன்று மாலையே, அந்த நிகழ்ச்சியில் நடுவராக இருந்த குளோரி மேடத்துக்குப் போன் செய்தேன். "அந்தக் கையெழுத்துக்கெல்லாம் காலம் முடிஞ்சுபோச்சு கோதண்டம். எழுதுங்க. ஆனா பார்த்ததை எழுதுங்க, நினைச்சதை எழுதாதீங்க" என்றார். அவர் எப்போதும் சொல்கிற வார்த்தை அது. எல்லையம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினேன். கம்பெனியை மூடினார்கள். பிறகு வெள்ளானூரில் ஒரு கோழிப் பண்ணையில் தீனி வைத்தேன். அங்கே நாட்டுக்கோழி வாங்க வந்த டிவிக்காரர்கள், கோழியோடு என்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

காடு என்பது ஊருக்குப் பின்னால் ஏரியை ஒட்டிய ஒரு பழைய தோப்பு. பாதி மரம் நிஜம், பாதிக் கொடி பிளாஸ்டிக். பின்னால் எழும்பியிருந்த அடுக்குமாடி தெரியாமல் இருக்க உயரமாகப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். பார்வையை மறைக்கலாம், சத்தத்தை மறைக்க முடியுமா? போட்டியாளர் ஒருவர் மனிதர் வாசனையே இல்லாத வனாந்தரம் என்று கேமராவைப் பார்த்து உருகும்போது, துணிக்குப் பின்னால் யார் வீட்டிலோ குக்கர் மூன்று விசில் விடும். சவுண்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்குக் கொடுத்த அட்டையில் 'இரை இன்சார்ஜ்' என்று போட்டிருந்தது. கோழி, காடை, ஏரியில் வலை கட்டி மறித்த இடத்தில் விட்ட ஜிலேபி மீன், இவற்றை வளர்த்து, காலையில் காட்டுக்குள் விடுவது என் வேலை. போட்டியாளர்கள் அவற்றை வேட்டையாடிச் சாப்பிட வேண்டும். என் மனைவி வசந்தா அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஊர்ல எல்லாரும் புள்ளைங்களுக்கு சோறு போடுவாங்க. நீ ஒர்த்தன்தான்யா சோத்துக்கே சோறு போடுற."

அவள் சொன்னது சிரிப்பாக இருந்தாலும் எனக்கு உறுத்தும். காலையில் கூண்டைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் திறப்பேன். உயிர் உயிர்தானே.

வேட்டை என்றால் இஷ்டத்துக்கு ஆடலாம் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு இருந்த சட்டம் கோர்ட்டில்கூட இருக்காது. சட்டத்துக்கு அதிகாரி குளோரி மேடம். ஆவடிக்காரர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், கையில் கறுப்புக் குடை, வாயில் ஒரு கிராம்பு. டிபன் பாக்ஸைத் திறந்தால் தலை குனிந்து ஜெபம் பண்ணாமல் ஒரு வாய் எடுக்கமாட்டார். போட்டியாளர் பட்டினி கிடக்கிற நாளில் அவர்கள் கண்ணில் படும்படி அந்த டிபன் பாக்ஸைத் திறக்கவும் மாட்டார். யாராவது வழக்கு என்று வந்தால் உடனே பதில் சொல்லமாட்டார். குடையை மடக்குவார், அதன் பட்டனைப் போடுவார், கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுவார். அப்புறம்தான் தீர்ப்பு. தீர்ப்பு வந்தபிறகு டைரக்டரே தலைகீழாக நின்றாலும் மாறாது.

முதல் வருஷம் எடுத்த எடுப்பிலேயே வனத்துறை அதிகாரி ஒருவர் வந்து எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். தானாக வந்த பிராணி எதையும் தொடக்கூடாது. பாம்பு, மயில், உடும்பு, காட்டு முயல், எதுவானாலும் ஜெயில். ஆகையால் நான் விட்டதை மட்டும்தான் பிடிக்கலாம். அதற்கு அடையாளமாக ஒவ்வொரு கோழி, காடையின் காலிலும் பிளாஸ்டிக் வளையம் மாட்டுவேன்.

ஒருநாள் உண்மையிலேயே ஓர் உடும்பு ஏரிப் பக்கமிருந்து செட்டுக்குள் வந்துவிட்டது. அண்ணனூரிலிருந்து வந்திருந்த ஒரு ஜிம் மாஸ்டர், மீன்கூடக் கிடைக்காமல் காய்ந்து போயிருந்தவர், கம்பை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். குளோரி மேடம் குறுக்கே போய்க் குடையை விரித்தார். இந்தப் பக்கம் ஜிம் மாஸ்டர், அந்தப் பக்கம் உடும்பு.

"மேடம், நவுருங்க. அது ஓடிடும்."

"ஓடட்டும். அதுக்கு வளையம் இல்ல. உனக்கு மாட்டிடுவாங்க, கையில."

உடும்பு குடையை ஒரு சுற்று பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று.

இன்னொரு சமயம் டைரக்டருக்கு முயல் வேண்டும் என்று ஆசை வந்தது. காட்டு முயலைத் தொட முடியாது. பண்ணை முயல் கிடைத்தது, ஆனால் பாலைப்போல வெள்ளை. மேக்கப்காரர் அதை டீ டிகாஷனில் முக்கி எடுத்துக் காயவைத்துக் காட்டு முயலாக்கினார். அதை அறுப்பதில்லை, பிடித்துக் காட்டினால் போதும் என்று ஏற்பாடு. பிடிக்க ஓடியபோது மழை பிடித்துக்கொண்டது. புதருக்குள் பழுப்பாக நுழைந்த முயல் வெள்ளையாக வெளியே வந்தது. துரத்தினவர் நின்றுவிட்டார். "மேடம், இது வேற முயலா, அதே முயலா? வேறன்னா புடிக்கலாமா?" குளோரி மேடம் அன்றைக்கு ஒருநாள்தான் தீர்ப்புச் சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

சட்டம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு கூத்து இருக்கும். 'பிடித்ததைச் சாப்பிட வேண்டும்' என்று ஒரு சட்டம். ஒருத்தர் கணக்குக்காகப் பிடித்துப் பிடித்து விட்டுவிட்டு, எங்கோ ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்றார். அதிலிருந்து, சாப்பிட்டால்தான் வேட்டை. செட்டுக்கு ஒரு பாய் வருவார், பூந்தமல்லியில் கறிக்கடை வைத்திருக்கிறவர். தட்டிக்குப் பின்னால், கேமரா பார்க்காத இடத்தில் அவர் அறுத்துக் கொடுப்பார். பிடித்தவர் அதைச் சமைத்துச் சாப்பிட வேண்டும்.

'உடையவர் சம்மதம்' என்று இன்னொரு சட்டம். ஒரு போட்டியாளர் வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த எருமையைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, காட்டெருமைப் பால் என்று சொல்லி இலைத் தொன்னையில் கறந்து குடித்துவிட்டார். எருமைக்காரம்மா துடைப்பத்தோடு வந்து, "எந்தக் காட்லடா எருமைக்கு கழுத்துல சங்கிலி போட்டு வுட்ருக்கான்?" என்று கேட்ட கேள்வியை டிவியில் போட முடியவில்லை. அன்றைக்கே குளோரி மேடம் எழுதிச் சேர்த்தார்: உடையவர் உள்ள எதையும் அவர் சம்மதம் இல்லாமல் வேட்டையாகக் கணக்கெடுக்கக்கூடாது.

இந்த இரண்டு சட்டமும் துரை விஷயத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அந்த வருஷம் என் மகள் மாசமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை நிற்காமல் போயிருந்தது. இந்த முறை நல்லபடியாகத் தங்கினால் ஒரு சேவலை உயிரோடு கோயிலில் விடுகிறேன் என்று வசந்தா எல்லையம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஒரு குஞ்சைப் பார்த்து எடுத்து, மஞ்சளில் நனைத்த நூலைக் காலில் கட்டினாள். கட்டியபிறகு அது எங்கள் சேவல் இல்லை. அம்மன் சேவல். அதை அதட்டக்கூட எங்களுக்கு உரிமை கிடையாது.

அதற்கும் அது தெரிந்திருந்தது போல. நாங்கள் குடியிருந்தது வெள்ளானூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில். விடியும் முன்னே பால்கனியில் ஏறி நின்று கூவும். அசோசியேஷன் செக்ரட்டரி கண் சிவந்து வந்தார். "சார், பக்தியெல்லாம் சரி. இத சைலன்ட்ல போட வழி இருக்கா?" என்றார்.

வழி இல்லாததால் குளோரி மேடத்திடம் கேட்டு, பிரசவம் ஆகும்வரை சேவலைச் செட்டில் தனிப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். "மற்ற கோழியோட கலக்கக்கூடாது. அடையாளம் இருக்குல்ல?" என்றார். நூலைக் காட்டினேன். அப்போது எங்கள் வளையம் எல்லாம் சிவப்பு. சவுண்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம், ஒரிஜினல் கூவல் கிடைத்ததென்று.

துரை மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்தவன். முப்பதுக்குள் வயது, கறுத்து மெலிந்த உடம்பு, வாய் மட்டும் ஓயாது. போட்டிக்கு அவன் தேர்வானதும் பட்டறைக் கூட்டாளிகள் முனையில் பெரிய பேனர் வைத்துவிட்டார்கள். துரையே சொன்னான்: "புலி ஒடம்புல என் மூஞ்ச ஒட்டிக்கிறானுங்க நைனா. மண்ணூர்பேட்டைப் புலியாம். கீழயே நம்ம டீக்கடை. நான் பாதில போனேன்னு வையி, டெய்லி அந்தப் புலிக்குக் கீழ குந்திகினு டீ குடிக்கணும். அதுக்கு இங்கயே பட்டினில செத்துடலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கிழங்கைத் தவிர அவன் வயிற்றில் ஒன்றும் விழவில்லை என்பது எனக்குத் தெரியும். மீன் அவன் கைக்கு வழுக்கியது. காடை அவன் பேச்சுச் சத்தத்திலேயே பறந்துவிடும். கடைசியில் அந்த வாரக் கெடு வந்தது. மாலை விசிலுக்குள் எதையாவது பிடிக்காதவர் வீட்டுக்குப் போக வேண்டும். மற்ற எல்லோரும் பிடித்திருந்தார்கள். துரை மட்டும் பாக்கி.

அன்றைக்கு அவன் வாயை மூடிக்கொண்டான். அதுவே எனக்கு ஆச்சரியம். கம்பி கூடாது என்பதால் கற்றாழையை நசுக்கி நார் எடுத்து, தொடையில் வைத்துத் திரித்தான். லேத்காரன் கை. ஒரு கிளையை வளைத்துக் கட்டி, கண்ணி வாயை விரலால் அளந்து, "ரெண்டு இன்ச் கேப் போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு புதருக்குள் படுத்துப் பெட்டைக்கோழி போலக் கூப்பிட ஆரம்பித்தான். அதை எங்கே கற்றானோ, அவ்வளவு அச்சு. நான் ஏரிக்கரையில் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவன், எந்தப் பெட்டை இப்படி ஏங்குகிறது என்று திரும்பிப் பார்த்தேன்.

நான் விட்ட பண்ணைச் சேவல்கள் ஒன்றும் அசையவில்லை. அவை வளர்ந்த இடத்தில் பெட்டையே கிடையாது, பாவம். அசைந்தது ஒன்றுதான். பஞ்சாரத்தின்மேல் வைத்த கல்லை உருட்டிவிட்டு, அம்மன் சேவல் வெளியே வந்து, நேராகப் போய்க் கண்ணியில் காலை வைத்தது.

"புடி... புடி..." என்று துரை கத்திய கத்தலில் எல்லோரும் ஓடினோம். சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்தான். "மேடம், பாத்தியா மேடம், புலிடா, புலி." கேமரா சுற்றி வந்தது. நான் மட்டும் சேவலின் காலைப் பார்த்தேன். அதன் காலில் வசந்தா கட்டிய நூல்.

"அது இரை இல்ல" என்றேன். அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் சொன்னேன். "அது அம்மன் சேவல். வேண்டுதல்."

துரை குதிப்பதை நிறுத்தினான். "இன்னா நைனா சொல்ற? கால்ல மஞ்சள் கீதே."

அங்கேதான் சிக்கல். சிவப்பு வளையம் கேமராவில் எடுப்பாக இல்லை என்று அந்த வாரம்தான் எல்லாவற்றையும் மஞ்சளாக மாற்றியிருந்தார்கள். போட்டியாளர்களுக்குச் சொன்ன சட்டம், காலில் மஞ்சள் உள்ளதைப் பிடிக்கலாம் என்பது. நூலும் மஞ்சள்தானே.

குளோரி மேடம் குடையை மடக்கினார். பட்டனைப் போட்டார். "எல்லாரும் அங்கங்கயே நில்லுங்க. துரை, நீ எங்க படுத்திருந்த?" என்று கேட்டு அந்தப் புதருக்கே போய், புடவையை ஒதுக்கிக்கொண்டு மண்ணில் குனிந்து உட்கார்ந்தார். என்னை ஒரு வளையக்கோழியையும் சேவலையும் கண்ணி இருந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறு கண். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"அங்க இருந்து பார்த்தா ரெண்டும் மஞ்சள்தான். இவன் பேர்ல தப்பில்ல. சட்டப்படி பிடிச்சிருக்கான்."

துரை மூச்சு விட்டான். நான் சேவலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா சாப்பிட்டாத்தான் கணக்கு" என்றார் மேடம்.

டைரக்டர் இவ்வளவு நேரம் கையைக் கையோடு தேய்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், கெட்ட செய்தி கேட்டால்கூட சூப்பர் என்று சொல்லும் பழக்கம் உள்ளவர். "சூப்பர். கோதண்டம், ஃபீல் பண்ணாதீங்க. நான் இதவிடப் பெரிய சேவலா ஒண்ணு வாங்கித் தரேன், சாமிக்கு விட்டுடுங்க" என்றார்.

"சேவல் வேற வாங்கலாம் சார். நூல் கட்டும்போது சொன்ன வார்த்தைய எங்க போய் வாங்கறது?" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. முதலாளிகளிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

குளோரி மேடம் கிராம்பை மாற்றினார். "இன்னொரு சட்டமும் இருக்கு. உடையவர் சம்மதம். கோதண்டம், இது யாரோடது? உங்களோடதா?"

என்னுடையது என்று சொல்லி, சம்மதம் இல்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அம்மன் சேவலை என்னுடையது என்று எப்படிச் சொல்வது? "இல்ல மேடம். அம்மாவோடது" என்றேன்.

"அப்ப அவங்கள கேக்கணும். உங்க வழக்கத்துல கேக்க வழி உண்டா?"

உண்டு. விடுவதானாலும் வெட்டுவதானாலும் முதலில் உத்தரவு கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்துக் கேட்டுவிட்டு நிற்போம். உடம்பைச் சிலிர்த்து உதறினால் அவள் சம்மதித்துவிட்டாள். மூன்று முறை தெளிப்போம். உதறாவிட்டால் இல்லை என்று அர்த்தம். இதைச் சொன்னதும் டைரக்டர் இன்னும் இரண்டு கேமராவை வரச் சொன்னார்.

நான் கோழியோடு பிழைத்தவன். தண்ணீர் பட்டால் கோழி உதறும். பத்தில் ஒன்பது உதறும். உதறினால் சேவல் பாயின் தட்டிக்குப் பின்னால் போகும். உதறாவிட்டால் துரை பேனருக்குக் கீழே போவான். இலேசாக நாலு துளி தெளித்தால் உதறாது என்றும் எனக்குத் தெரியும். அம்மாளிடம் அந்த வேலை வைத்துக்கொள்வதா? மேடமும் பார்த்துக்கொண்டே இருந்தார். சமையலுக்கு வைத்திருந்த மஞ்சளைச் செம்பில் கரைத்து, முழுக் கையால் அள்ளி அதன் தலையில் விட்டேன். "தாயே, உன் சேவல் இது. இந்தப் பிள்ளை பசியோட பிடிச்சிருக்கான். குடுக்கறியா?"

சேவல் அசையவில்லை. தலையிலிருந்து கொண்டை வழியாகத் தண்ணீர் சொட்டியது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் விசிலையே பார்த்தது.

இரண்டாவது முறை. கழுத்து முழுக்க நனைந்தது. குக்கர் விசில்கூட அன்றைக்கு அடங்கியிருந்தது. சேவல் ஒரு கண்ணை மூடியது, அவ்வளவுதான்.

மூன்றாவது தண்ணீரை அள்ளினேன். விட மனம் வராமல் கையை அப்படியே பிடித்திருந்தேன், விரல் வழியாகப் பாதி ஒழுகிப் போயிற்று. துரை அதைப் பார்த்துவிட்டான்.

"இரு நைனா. இது யாருக்கு நேந்துகினது?"

"என் பொண்ணுக்கு. மாசமா இருக்கா. இதுக்கு முன்ன ரெண்டு தபா..."

துரை கிட்டே வந்தான். பிறகு என் கையைப் பிடித்து, தண்ணீரைச் செம்பிலேயே விட வைத்தான். குனிந்து சேவலின் காலிலிருந்து கற்றாழை நாரை அவிழ்த்தான். நூலைத் தொடாமல் அவிழ்த்தான், அதை நான் பார்த்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"மேடம், மூணாவது வேணாம். நான் கெளம்பறேன். அம்மா சேவல துன்னுட்டு இங்க புலியா இருக்கறதுக்கு, பேனருக்குக் கீழ பூனையா நடந்துட்டுப் போறேன். தாயே, நீயே உத்தரவு குடு."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. சேவல் இறக்கையை விரித்து, தலை முதல் வால் வரை ஓர் உதறு உதறியது. மேடத்தின் கண்ணாடி, டைரக்டரின் சட்டை, கேமராவின் கண்ணாடி, எல்லாம் மஞ்சள் புள்ளி. குனிந்திருந்த துரைக்கு முகமே குளித்த மாதிரி ஆகிவிட்டது.

"உத்தரவு ஆயிடுச்சு" என்றார் கேமராக்காரர், தன்னை மறந்து.

டைரக்டர் துள்ளினார். "சூப்பர். சம்மதம் கெடச்சிடுச்சு. பாயக் கூப்புடு."

மேடம் விசில் ஊதினார். குளோரி மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவசரமே இல்லாமல் துடைத்தார். மாட்டிக்கொண்டார். "கோதண்டம் ரெண்டு தடவ சேவலைக் கேட்டாரு. பதில் இல்ல. கடைசியா கேட்டது துரை. துரை கேட்டது வீட்டுக்குப் போக. பதில் அதுக்குத்தான் வந்திருக்கு. எழுதிக்கோங்க."

"இன்னா மேடம் இது" என்றான் துரை, முகத்தைத் துடைக்காமலே. "அம்மா ஒரு பேச்சுக்கு இருடான்னுகூட சொல்லாம டக்குனு குடுத்துட்டா."

எல்லோரும் சிரித்துவிட்டோம். மேடம்கூட. அப்புறம் அவர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, ஜெபம் பண்ணி, அதை அப்படியே துரையிடம் கொடுத்தார். போட்டியை விட்டவனுக்குச் சட்டம் கிடையாது என்றார். அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தபிறகுதான் அவன் எவ்வளவு பெரிய பசியை வைத்துக்கொண்டு அந்த நாரை அவிழ்த்தான் என்று எனக்கு உறைத்தது.

டிவியில் இது எதுவுமே வரவில்லை. சாமி, சேவல், வேண்டுதல் எல்லாம் வம்பு என்று சேனலில் வெட்டிவிட்டார்கள். முகமெல்லாம் தண்ணீரோடு துரை நடந்து போவதை மட்டும் போட்டு, பின்னால் சோகமாக வயலின் வைத்தார்கள். ஊரே அதைக் கண்ணீர் என்று நினைத்தது. பசி தாங்காமல் அழுதுகொண்டே ஓடிய புலி என்று மண்ணூர்பேட்டையில் பேர் வைத்துவிட்டார்கள்.

என் மகளுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. சேவலைக் கோயிலில் விடும் அன்று துரையைக் கூப்பிட்டேன். விட்டது அவன் கைதான். வசந்தா அவனுக்குப் பொங்கல் வைத்து, வைத்துக்கொண்டே இருந்தாள். திரும்பும்போது, "நான் அந்த டீக்கடைக்கு வந்து நடந்ததச் சொல்றேன்பா" என்றேன்.

"நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கிற நைனா. சொன்னா உன் வேல பூடும். உடு. அவனுங்க சிரிக்கட்டும். டீ இன்னா கசக்கவா போவுது."

என் வேலைக்காக அவன் இத்தனை வருஷம் அந்தப் பேரைச் சுமந்தான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கையெழுத்துக்கும் காலம் முடிந்துவிட்டது. பேனர் எப்போதோ கிழிந்துபோனது, பேர் மட்டும் கிழியவில்லை.

ஆகவே இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள், மண்ணூர்பேட்டைப் பக்கம் டீ குடிக்கிறவர்களுக்கு முதலில். கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்த மூன்று பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். சேவல் வாய் திறந்து பேசியது என்று யாராவது சேர்த்துச் சொன்னால் நம்பாதீர்கள். அது ஒருமுறை உதறியது, அவ்வளவுதான் நான் பார்த்தது. பேசியது துரை.